சுருட்டை விட்டது அவர், மாட்டிக்கொண்டது நான்

ஜனங்கள் நடுவில் எழுந்து நின்று நான் வாயைத் திறந்தது இத்தனை வயசில் ஒரே ஒரு தடவைதான். அன்றைக்கும் வாயிலிருந்து முதலில் வந்தது பேச்சில்லை.

என் சுபாவம் அப்படி. பந்தியில் என் இலைக்கு உப்பு வராவிட்டால் கேட்கக் கூச்சப்பட்டு, அப்படியே விழுங்கிவிட்டு எழுந்துவிடுவேன். மயிலாப்பூர் லஸ்ஸில் இறங்க வேண்டியவள், டிராமில் முன்னால் நிற்கிறவரிடம் ‘கொஞ்சம் வழி விடுங்க’ என்று சொல்ல நா எழாமல், ராயப்பேட்டை வரைக்கும் போய் வெயிலில் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். படிப்போ அஞ்சாம் வகுப்பு. அப்படிப்பட்டவள் ஒரு மேற்றிராணியாரையே (இப்போது ஆயர் என்கிறார்கள்) இரண்டடி பின்னால் நகர வைத்தேன் என்றால் யார் நம்புவார்கள்? என் பிள்ளைகள் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாய்ச் சொல்லித் திரிகிறார்கள். நடந்ததை நடந்தபடி நானே எழுதி வைத்துவிட்டால் தேவலை.

அது சண்டைக் காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்தை விட்டு ஓடினவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் மயிலாப்பூரில், கடற்கரைப் பக்கம், மாதா கோயில் மணி காதில் விழுகிற தூரத்தில் குடியிருந்தோம். கல்யாணமாகி மூன்றாவது வருஷம். பிள்ளை குட்டி இன்னும் இல்லை. எங்கள் வீட்டுக்காரருக்குக் கோபாலபுரத்தில் வாத்தியார் வேலை. சவரி வாத்தியார் என்று கூப்பிடுவார்கள். (பெயரை எழுதிவிட்டேன். அவர் இருந்தவரை வாயால் சொன்னதில்லை.)

தங்கமான மனுஷர். கெட்டது என்று ஒன்றே ஒன்று, சுருட்டு. காலையில் கண் திறப்பதற்கு முன்னால் கை சுருட்டைத் தேடும். அவர் வருகிறார் என்பதை அவருடைய இருமல் அரைத் தெரு முன்னாலேயே வந்து சொல்லிவிடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ‘சார் வரார்’ என்பதற்குப் பதிலாக இருமிக் காட்டுவார்களாம். அதைச் சொல்லிச் சிரிப்பார். சிரித்தால் மறுபடி இருமல் வரும். இருமல் அடங்க ஒரு சுருட்டு.

ஒரு நாள் அந்த இருமல் ராத்திரி முழுக்க நிற்கவில்லை. லஸ்ஸில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, இவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“இவர் நெஞ்சுக்குள்ள கரியடுப்பு மாதிரி கிடக்கும்மா. சுருட்டை இப்பவே விட்டா பிழைப்பார். இல்லேன்னா ரத்தம் கக்குற நாள் ரொம்பத் தூரத்துல இல்லே. அப்புறம் நீங்க மட்டும் தனியாத்தான் வந்து நிப்பீங்க.”

 இவர் பேயறைந்த மாதிரி வெளியே வந்தார். டிராமுக்கு நின்ற இடத்தில், “மனசு கலங்கிப் போச்சு ரோசு” என்றார். சொல்லிக்கொண்டே ஒன்றைப் பற்றவைத்தார்!

அதற்கப்புறம் அவர் சுருட்டை விட்டார். திங்கட்கிழமை விட்டார். புதன்கிழமை விட்டார். சனிக்கிழமை காலையில் ஒரு தரமும் சாயங்காலம் ஒரு தரமும் விட்டார். கடைசியில் பங்குச் சாமியாரிடம் போய், “என்னால முடியலே சாமி” என்று குழந்தை மாதிரி சொல்லிவிட்டார்.

சாமியார் கெட்டிக்காரர். “தனியாளா நின்னு எவனும் இதை விட்டதில்லே, சவரி. நாலு பேர் கூட நிக்கணும்” என்றார். தபசு காலம் தொடங்கப் போகிற சமயம். எங்கள் ஜனங்கள் பாஸ்குப் பண்டிகைக்கு (ஈஸ்டருக்கு) முன்னால் நாற்பது நாள் கறி, மீன் என்று எதையாவது விட்டு ஒறுத்தல் செய்வார்கள். இந்த வருஷம் சுருட்டு, பீடி குடிக்கிறவர்கள் அதை விட வேண்டும் என்று சொல்லி ஆறு பேரைச் சேர்த்தார் சாமியார். ஒவ்வொருவருக்கும் ஒரு துணையாள் உண்டு. துணையாள் தினம் சாயங்காலம் சுருட்டை விட்டவர் வாயை மோந்து பார்க்க வேண்டும். சுத்தமாக இருந்தால் ஒரு நூலில் முடிச்சுப் போட வேண்டும். நாற்பது முடிச்சு விழுந்த நூலைப் பாஸ்குவுக்கு வருகிற மேற்றிராணியார் கையில் கொடுத்தால் அவர் விசேஷமாக ஆசீர்வதிப்பார்.

பூசை முடிந்து எல்லோரும் நிற்கும்போது ஒவ்வொருவராகத் துணையாள் பெயரைச் சொன்னார்கள். ஒருத்தர் தம்பியைச் சொன்னார், ஒருத்தர் மச்சானைச் சொன்னார். இவர் முறை வந்தது.

“என் சம்சாரம்” என்றார்.

ஆம்பிளைகள் பக்கம் ஒரு சிரிப்பு ஓடியது. நான் முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன். அந்த வெட்கமே தாங்கவில்லை. அதற்குமேல் சாமியார் ஒன்று சொன்னார்:

“துணையாளும் இந்த நாப்பது நாள் எந்த ரூபத்துலயும் புகையிலையைத் தொடக் கூடாது. சம்மதமா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அந்த நிமிஷம் என் முந்தானை முடிச்சில் ஒரு கிள்ளுப் புகையிலை இருந்தது.

சொல்லிவிடுகிறேன். கடைவாய்ப் பல்லில் வலி என்று அழுதுகொண்டிருந்த ஒரு நாள், அடுத்த வீட்டு மைமூன் ஒரு கிள்ளு கொடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளச் சொன்னாள். அவள் புருஷன் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர். வலி போயிற்று. பல்லையும் அப்புறம் பிடுங்கியாயிற்று. புகையிலை மட்டும் நின்றுவிட்டது. வெற்றிலையோடு போட்டால் வாய் சிவந்து காட்டிக்கொடுக்கும் என்று வெறும் புகையிலையைத்தான் அடக்குவேன். மேலே ஒரு கிராம்பு. பேசுகிற வழக்கமே இல்லாதவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

அங்கேயே ‘என்னால் முடியாது சாமி’ என்று சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேர் பார்க்கிறார்களே! தலையை ஆட்டிவிட்டேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்திலாவது சொன்னேனா என்றால், அதுவும் இல்லை. (ஆண்டவர் கட்டளையிட்ட பத்துக் கற்பனையில் புகையிலை எங்கே வருகிறது என்று எனக்கு நானே ஞாயம் பேசிக்கொண்டேன்.)

சாயங்காலமானால் அவர் வாசலில் வந்து நிற்பார். “ஊதுங்க” என்பேன். ஊதுவார். நான் நுனிக்காலில் எட்டி நின்று மோந்து பார்ப்பேன். மூன்றாம் நாள் மைமூன் பார்த்துவிட்டாள்.

“இன்னா ரோசம்மா, பட்டப்பகல்ல புருசன் மூஞ்சியோட மூஞ்சிய வெச்சிக்கினு! தெருவுல போறவன் கண்ணு அவிஞ்சிடாதா?”

“ஐயோ அக்கா, இது கோயில் காரியம்” என்றேன்.

“நல்லா கீதுமே உங்க கோயிலு!” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் இரண்டு நாள் தண்ணீர் பிடிக்கக்கூட வெளியே வரவில்லை.

அவர் பட்டபாடு கொஞ்சமில்லை. முதல் வாரம் சோற்றுத் தட்டைப் பார்த்தால் கோபம், சட்டைப் பித்தானைப் பார்த்தால் கோபம்.  நான் வறுத்த தனியாவும் சுக்கும் பொட்டலம் கட்டிச் சட்டைப் பையில் போட்டு அனுப்புவேன். தாங்க முடியாமல் போனால் கடற்கரைக்கு அழைத்துப்போய் நடக்க வைப்பேன். அவர் படுகிற அவஸ்தையைப் பார்க்க எனக்கு மனசு கேட்காது. மனசு கேட்காவிட்டால் ஒரு கிள்ளு போட்டால்தான் ஆறும். காலையில் ஒரு கிள்ளு என்று இருந்தவள் நாலு, அஞ்சு என்று ஏறிவிட்டேன். மொத்தத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிற புகையிலை குறையவே இல்லை. ஆள்தான் மாறியது.

ஒரு நாள் கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார்: “இன்னைக்குக் கச்சேரி ரோடு சுருட்டுக் கடையில போய் நின்னுட்டேன் ரோசு. கையை நீட்டிட்டேன். நமக்காக ஒருத்தி வீட்டுல எதையும் தொடாம சுத்தமா நிக்கிறாளேன்னு நினைச்சேன். கை தானா பின்னால வந்துடுச்சு. நீ மட்டும் இல்லேன்னா நான் அன்னைக்கே விழுந்திருப்பேன்.”

எனக்கு மணலுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. இனிமேல் சொல்லவே முடியாது. சொன்னால் அந்தக் கை சுருட்டுக்குப் போய்விடும். சுருட்டுக்குப் போனால் டாக்டர் சொன்னதுதான். வாயை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன்.

நாற்பதாவது முடிச்சும் விழுந்தது. அவர் இருமல் பாதியாய்க் குறைந்திருந்தது. பாஸ்கு அன்றைக்குத் தெற்கேயிருந்து வந்திருந்த மேற்றிராணியார் பெரிய பூசை வைத்தார். நன்மை (பூசையில் கொடுக்கிற அப்பம்) வாங்குகிற நாள் என்பதால் முதல் நாள் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் படவில்லை, புகையிலையும்தான். பூசை முடியும்போது தலை கிறுகிறுத்தது, உள்ளங்கை வேர்த்தது. வரவேற்புக்குக் கோயில் மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். வேலி ஓரம் வேடிக்கை பார்க்க மைமூன் நின்றிருந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. வேலியோரம் போய்க் கையை நீட்டினேன்.

“வெறும் பொகயில இல்லமே. நம்ம வூட்டு விசேசத்துக்குக் கட்டின வெத்தில கீது. உள்ள பொகயில வெச்சிருக்குது. மெல்லாதே, கன்னத்துல வெச்சிக்கினு சும்மா குந்திக்கோ” என்றாள்.

அதில் காசுக்கட்டி தாராளமாகத் தடவியிருந்தது எனக்குத் தெரியாது. காசுக்கட்டி பட்டால் எச்சில் ரத்தமாய்ச் சிவக்கும். பொம்பிளைகள் கூட்டத்தில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஆம்பிளைகளைத்தானே கூப்பிடப் போகிறார்கள், நமக்கென்ன?

ஆறு பேரில் இரண்டு பேர் பாதியில் விழுந்துவிட்டார்கள். மீதி நாலு பேரில் முதல் பெயர் இவருடையது. மைதானமே கை தட்டியது. அத்தோடு சாமியார் நிறுத்தியிருக்கலாம்.

“இவரைத் தாங்கிப் பிடிச்ச துணையாள், இவர் சம்சாரம், மேலே வரணும்!”

எனக்கு உலகமே நின்றுபோயிற்று. பக்கத்தில் இருந்தவர்கள் தூக்கி நிறுத்தித் தள்ளிவிட்டார்கள். நடந்தேனா மிதந்தேனா தெரியாது. வாய் நிறையத் தண்ணீர். துப்பலாம் என்றால் வழியெல்லாம் வெள்ளை விரித்திருந்தார்கள். விழுங்கலாம் என்றால் அதை விழுங்கினவர்கள் கதி எனக்குத் தெரியும்.

மேடையில் முழங்காலிட்டேன். நூலை மேற்றிராணியார் கையில் கொடுத்தேன். அவர் சாந்தமான குரலில் கேட்டார்: “மகளே, உன் புருஷன் நாற்பது நாளும் சுருட்டைத் தொடவில்லை என்று சாட்சி சொல்கிறாயா?”

தலையாட்டினேன்.

“பாருங்கள், என்ன அடக்கம்!” என்றார் சாமியார். மறுபடி கைதட்டல்.

“நீயும் புகையிலையைத் தொடவில்லையே?”

 தலை ஆடவில்லை. ஆடாத தலையை வெட்கம் என்று நினைத்து, அவர் சிரித்துக்கொண்டே முத்தி செய்ய (முத்தமிட) மோதிரக் கையை நீட்டினார். ஊதாக் கல் வைத்த மோதிரம். மணிக்கட்டில் வெள்ளை வெளேரென்று பின்னல் வேலை செய்த அங்கிக் கை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு குனிந்தேன். குனிந்தவுடன் வாயில் இருந்ததெல்லாம் முன்னால் வந்தது. பதறிப்போய் உறிஞ்சினேன். அது நேரே புரையேறியது.

அப்புறம் நடந்தது என் கையில் இல்லை. ஒரே இருமல். மோதிரம், விரல், வெள்ளைப் பின்னல் எல்லாம் சிவப்பு! மேற்றிராணியார் இரண்டடி பின்னால் போய் நாற்காலியில் இடித்துக்கொண்டார்.

“ரத்தம்!” என்று யாரோ கத்தினார்கள். “வாத்தியார் சம்சாரம் ரத்தம் கக்குறா! சயரோகம்!”

பாதி விழுங்கிவிட்டதில் எனக்குப் பந்தலே சுற்றியது. அப்படியே சாய்ந்தேன். இவர் ஓடி வந்து என்னை மடியில் போட்டுக்கொண்டார். அத்தனை ஜனம் நடுவில், வாத்தியார், வாய்விட்டு அழுதார்.

“ஐயோ நான்தான் கொன்னேன்! நான் ஊதின புகையெல்லாம் இவ நெஞ்சுக்குள்ள போயிடுச்சே! ரோசு, கண்ணைத் திறடி!”

கண்ணைத் திறக்க வெட்கமாக இருந்தது. திறந்தால் விஷயத்தைச் சொல்ல வேண்டுமே! மூடியே வைத்திருந்தேன். அதுதான் வினையாயிற்று. சாமியார் கோயில்பிள்ளையை விரட்டி எண்ணெய்ச் சிமிழைக் கொண்டு வரச் சொன்னார். சாகப்போகிறவர்களுக்குச் செய்கிற அவஸ்தைப்பூசுதல் இருக்கிறதே, அதை எனக்குத் தொடங்கிவிட்டார்! சுற்றிலும் ஜனங்கள் முழங்காலிட்டு ஜெபம் சொல்ல ஆரம்பித்தார்கள். இருபத்திரண்டு வயசில், நல்ல உடம்போடு, என் சாவுக்கு நானே சாட்சியாய்ப் படுத்துக் கிடந்தேன்.

முதலில் கண் இமையில் பூசினார். அப்புறம் காதில். அப்புறம் மூக்கில். அடுத்தது வாய். வாயருகே குனிந்தவர் அப்படியே நின்றார். இரண்டு தரம் மூக்கை உறிஞ்சினார்.

“மகளே,” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். “பாவசங்கீர்த்தனம் பண்ணுகிறாயா?”

“புகையிலை, சாமி” என்றேன்.

அவர் முகம் போன போக்கை ஓரக்கண்ணால் பார்த்தேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் உயிரே போனாலும் வெளியே சொல்லக் கூடாது. எழுந்து நின்றார். சிமிழை மூடினார். எல்லோரும் அவர் வாயையே பார்க்கிறார்கள். இவர், “சாமி, போயிட்டாளா சாமி?” என்று அவர் அங்கியைப் பிடித்து உலுக்குகிறார். சாமியார் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார். அதைப் பார்த்ததும் நான் போயே விட்டேன் என்று நினைத்து இவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த அடியின் சத்தம் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்றேன். பொம்பிளைகள் அலறினார்கள்.

“ரத்தம் இல்லீங்க,” என்றேன். என் குரல் இவ்வளவு பெரிசு என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. “வெத்திலை. உள்ள புகையிலை. நாப்பது நாளும் போட்டேன்.”

 வேலியோரத்திலிருந்து மைமூன் குரல் மட்டும்: “யா அல்லா! மெல்லாதேன்னு சொன்னேனே!”

மேற்றிராணியார் கோபித்தாரா சிரித்தாரா எனக்குத் தெரியாது. நான் தலையைத் தூக்கவில்லை. கைக்குட்டையால் மோதிரத்தைத் துடைக்கிற கை மட்டும் தெரிந்தது.  எங்கள் வீட்டுக்காரர் எழுந்தார். மேடையை விட்டு இறங்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, கச்சேரி ரோடு பக்கம் போய்விட்டார்.

எனக்கு மேற்றிராணியாரும் தெரியவில்லை, ஊர்ச் சிரிப்பும் கேட்கவில்லை. அந்தக் கடைதான் கண் முன்னால் நின்றது. நாற்பது நாள் கஷ்டத்தையும் ஒரு வெற்றிலையில் மடித்துத் துப்பிவிட்டேனே! வீட்டுக்கு வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். மைமூன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் பேசவில்லை. (அவள் பேசாமல் இருந்தது அதுதான் முதலும் கடைசியும்.)

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். கையில் ஒரு முழுச் சுருட்டு இருந்தது.

“வாயத் திற” என்றார். திறந்தேன். குனிந்து மோந்து பார்த்தார். “இத்தனை நாளும் கிராம்புன்னு நினைச்சேன்.”

“நீங்க ஊதுங்க” என்றேன். எங்கிருந்து தைரியம் வந்ததோ! ஊதினார். தனியா வாசனைதான்.

“வாங்கினேன்,” என்றார். “வாயிலயும் வெச்சேன். நெருப்புக் குச்சியைக் கிழிச்சதும் அந்தச் சிவப்புதான் ஞாபகம் வந்தது. நீ போயிட்டேன்னு நினைச்சு நான் பட்டது ஒரு நிமிஷம் இருக்குமா? நாளைக்கு நிஜமாவே நான் கக்கினா, நீ ஆயுசு பூரா அதைப் படணும் இல்லே?” சுருட்டை இரண்டாய் ஒடித்துச் சாக்கடையில் போட்டார். “முந்தானை முடிச்சை அவுரு. இருக்கிறதை எல்லாம் கொடு. நாளையிலேர்ந்து நான்தான் உனக்குத் துணையாள்.”

என்னுடைய நாற்பது நாளை நான் விவரிக்கப் போவதில்லை. ஒரு கரண்டியும் இரண்டு கண்ணாடித் தம்ளரும் அந்த நாட்களில் என் கையால் போயின. அவரைப் போல நான் நல்ல நோயாளி இல்லை. ஆனால் விட்டேன். நாலு பிள்ளை பெற்றோம். அவர் எழுபத்தெட்டு வயசு வரைக்கும் இருந்தார். போனதும் நெஞ்சு நோயால் இல்லை, தூக்கத்தில்.

போன மழைக்காலத்தில் எனக்குக் கடுமையான காய்ச்சல். பயந்துபோய்ப் பிள்ளைகள் எண்ணெய் பூச ஆள் அனுப்பினார்கள். பங்குக்குப் புதுசாக வந்த இளம் சாமியார் சிமிழோடு கட்டிலருகே வந்தார். என் மூத்த மகன் அவரிடம் ரொம்பப் பணிவாகச் சொன்னான்:

“கண்ணு, காது, மூக்கு மூணும் அம்மாவுக்கு முன்னாடியே ஆயிடுச்சு சாமி. வாயிலேர்ந்து ஆரம்பிங்க.”

சுற்றி நின்ற பேரன் பேத்திகள் எல்லாம் சிரிக்கிறார்கள். சாகக் கிடக்கிறவள் வீட்டில் இப்படிச் சிரிக்கிறார்களே என்று அந்தச் சாமியார்ப் பிள்ளை அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தார். நான் அந்தக் காய்ச்சலிலும் அவருக்கு வாயை அகலமாகத் திறந்து காட்டினேன்.